இரண்டாவது யார்?

மதராஸ் அணி முதல் தடவையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55 பருவத்தில். இந்தூரில் ஹோல்கார் அணியை 46 ரன்னில் தோற்கடித்தது. அந்த அணியில் பெரியவர் யார் என்றால், கிருபால் சிங் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். பருவம் முழுவதிலும் 636 ரன், 13 விக்கெட். அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக 98, 97. இறுதி ஆட்டத்தில் 75, 91. போதாதென்று ஏழு விக்கெட் வேறு! மனுஷர் இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

இரண்டாவது யார் என்பதில்தான் வம்பு. மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதும் என் நண்பர், பதினோரு பேரையும் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். காப்டன் பாலு அளகனன் அதில் எங்கோ கீழே இருந்தார்.

"தலைமைக்கு ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் கிடையாதே, ஸார்!" என்றார்.

அமெரிக்காவில் பேஸ்பால்காரர்கள், ஒருவருக்குப் பதிலாகச் சாதாரண ஆளை நிறுத்தினால் எத்தனை வெற்றி குறையும் என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். வெறும் 46 ரன் வித்தியாசத்தில், எந்த ஆளை எடுத்துவிட்டு யாரை நிறுத்திப் பார்ப்பது?

வெளியே உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். குவியல் குவியலாக எண்ணிக் கணக்கில் ஏற்றினார் நண்பர்.

"பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்தினார்களே, அவர்கள் இந்தப் பக்கத்தில் எங்கே?" என்றேன்.

"அந்தக் கூலி அப்போதே பட்டுவாடா ஆகிவிட்டதே!"

சற்றுப் பேசாமல் இருந்தார். பிறகு பென்ஸிலை எடுத்து, காப்டனை இரண்டு இடம் மேலே ஏற்றினார். இறங்கியவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.