செவியருகே ஒரு குரல்

நுழையும்முன்

ஓங்கி ஒலிப்பதே வலிமை என்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயினும், தமிழ்த் திரையிசையில் ஓங்கி ஒலிக்காமலே நெஞ்சில் நிலைத்த குரல்கள் பல. அவற்றைக் கேட்கக் கற்றுக்கொண்ட ஒருவரின் அனுபவமே இக்கட்டுரை.

உரத்துப் பேசும் வீடு

பேரணாம்பட்டில் எங்கள் வீடு உரத்துப் பேசும் வீடு. சோறு உண்ண அழைப்பதும் கடன் கேட்டு வந்தவருக்கு விடை சொல்வதும் தெருமுனைவரை கேட்கும். புதிதாக வருபவர்கள், உள்ளே ஏதோ சண்டை நடக்கிறது என்று வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். சண்டை ஒன்றுமில்லை, நைனாவுக்குக் காது மந்தம். எங்கள் பகுதியில் பலர் தந்தையை நைனா என்றே அழைப்பார்கள்.

பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் நிரம்பியிருப்பது யாவரும் அறிந்ததே. அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் நைனா முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். பதனிட்டுக் காய்ந்த தோல் மரப்பட்டைபோல் விறைத்திருக்கும். அதை அடித்தும் இழுத்தும் நெகிழச் செய்யும் இயந்திரம் அவருடையது. தோலை மென்மையாக்கும் அந்த இயந்திரம் எழுப்பும் ஓசையோ காதைப் பிளக்கும். அருகில் நிற்பவரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டுமானாலும் கத்த வேண்டும். காதுக்குக் காப்பு அணியும் வழக்கம் அந்நாளில் அங்கே இல்லை.

மாலையில் வீடு திரும்பிக் குளித்தபின், நைனா செய்யும் முதல் வேலை வானொலியைத் திருப்புவதுதான். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் ஊரில் தெளிவாகக் கேட்கும். காது மந்தமானவர் ஒலியைக் கூட்டிவைப்பார் என்றுதான் எவரும் எண்ணுவர். அவரோ ஒலியைக் குறைத்துவைத்து, பெட்டியின்மீது காதைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். அவர் விரும்பிக் கேட்டவர்கள் இருவர்: ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீனிவாஸ்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலும் டி. எம். சௌந்தரராஜனின் கம்பீரமுமே எனக்குப் பாட்டு. ஒருநாள், “இவருக்கு யாரும் சோறு போடவில்லையா? குரலே எழும்பவில்லையே!” என்று கேலி செய்தேன். நைனா சினம் கொள்ளவில்லை. “மெத்துன்னு இருக்கிற தோலு வலுவில்லாத தோலாடா? அது நல்லாப் பதப்பட்ட தோலு” என்றார். அவர் சொன்னதன் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

கடைசி வரிசையும் காதருகும்

மென்குரல் திரையிசையில் இடம்பெற்றதற்கு ஒரு கருவியும் காரணம். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில், எஸ். ஜி. கிட்டப்பா போன்ற கலைஞர்கள் கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எட்டுமாறு பாட வேண்டியிருந்தது. உச்சக்குரல் அக்காலத்தின் அழகு மட்டுமன்று, தேவையுமாகும். தொடக்கக்கால இசைத்தட்டுப் பதிவிலும் பாடகர் ஓர் ஊதுகுழலை நோக்கி ஓங்கிப் பாடினால்தான் ஒலி பதியும்.

1925ஆம் ஆண்டளவில் மின்வழி ஒலிப்பதிவு பரவியது. ஒலிவாங்கி வந்தபின், பாடகர் கடைசி வரிசையை நோக்கிப் பாட வேண்டிய கட்டாயம் நீங்கியது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பியும், பின்னர் இந்தித் திரையிசையில் தலத் மஹ்மூதும் ஒரே ஒருவரிடம் பேசுவதுபோலப் பாடிப் புகழ்பெற்றனர். தமிழில் அவ்வழியில் நடந்தவர்களுள் முதன்மையானவர்கள் ராஜாவும் ஸ்ரீனிவாஸும் ஆவர்.

ஒலிவாங்கி இருப்பதனால் மென்மையாகப் பாடுவது எளிது என்று கருதலாகாது. ஓங்கிப் பாடும்போது சிறு பிசிறுகள் குரலின் வேகத்தில் மறைந்துவிடும். மெல்லப் பாடும்போது மறைவிடம் ஏதும் இல்லை. மூச்சை இழுக்கும் ஓசையும் சுருதியின் மயிரிழை விலகலும் அப்படியே பதியும். குறைந்த காற்றில் நெடிய அடியைத் தாங்க வேண்டும். சொல் சிதையக் கூடாது. உணர்ச்சி மிகக் கூடாது. நைனா சொன்ன பதம் அதுதான்.

இரு கலைஞர்கள்

ஏ. எம். ராஜா எங்கள் ஊருக்கு அண்டையிலுள்ள சித்தூர் மாவட்டத்தில் 1929ஆம் ஆண்டு பிறந்தவர். 1951இல் வெளிவந்த ‘சம்சாரம்’ படத்தின்மூலம் பின்னணிப் பாடகராக அறியப்பட்டார். ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான ‘கல்யாண பரிசு’க்கு (1959) இசையமைத்தவரும் அவரே. அப்படத்தில் பிரிவின் துயரைப் பாடும்போதும் அவர் குரல் அழுவதில்லை. அழுகையை அடக்கிக்கொண்டவரின் குரல் அது. அதனால்தான் கேட்பவர் கண்கள் நனைகின்றன.

பி. பி. ஸ்ரீனிவாஸ் 1930இல் காக்கிநாடாவில் பிறந்தவர். தமிழில் ஜெமினி கணேசனுக்கும் கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் அவர் குரல் பொருந்தி நின்றது. மெல்லிசை மன்னர்கள் விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தைக் கேட்டால், இருவகைக் குரல்களின் இயல்பும் விளங்கும். சிவாஜி கணேசனுக்குச் சௌந்தரராஜன் பாடும்போது ஊரே கூடி நிற்பதுபோல் இருக்கும். ஜெமினி கணேசனுக்கு ஸ்ரீனிவாஸ் பாடும்போது, நம்மையும் அவரையும் தவிர வேறெவரும் அங்கில்லை. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதன்று. ஊருக்குச் சொல்ல வேண்டியவை உண்டு. ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியவையும் உண்டு.

வல்லினமும் மெல்லினமும்

பின்னாளில் நான் தமிழாசிரியன் ஆனேன். வல்லின எழுத்துகள் மார்பை இடமாகக்கொண்டும் மெல்லின எழுத்துகள் மூக்கை இடமாகக்கொண்டும் பிறக்கும் என்னும் நன்னூல் கருத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நைனாவின் வானொலி நினைவுக்கு வரும். ‘பத்து’ என்று சொல்லிப் பாருங்கள். தகரம் வன்மையாக ஒலிக்கும். ‘பந்து’ என்று சொல்லிப் பாருங்கள். நகரம் அருகில் வந்து அமர்ந்ததும் அதன்பின் வரும் வல்லெழுத்து குழைந்துவிடுகிறது. மெல்லெழுத்து எதனோடும் மோதுவதில்லை; அருகில் நிற்கிறது, அவ்வளவே. எழுத்துகளை மூவினமாகப் பிரித்த நம் முன்னோர் மெல்லினத்தைக் குறையுடைய இனமாகக் கருதவில்லை. அந்த ஆறெழுத்தின்றித் தமிழ்ச் சொற்கள் பலவற்றை அமைக்கவே இயலாது.

கேட்கத் தொடங்கிய காது

நைனா பணி ஓய்வு பெற்றபின் அவருடைய செவித்திறன் மேலும் குறைந்தது. அம்மா மறைந்த ஆண்டில் அவரை வேலூரில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். செவித்திறன் ஆய்வு முடிந்தபின், வரைபடத்தைக் காட்டி மருத்துவர் விளக்கினார். இடையறாப் பேரொலி, உட்செவியிலுள்ள நுண்ணிய உயிரணுக்களைச் சிதைத்துவிடுகிறது. அவை மீண்டும் வளர்வதில்லை. உயர்ந்த அதிர்வுடைய ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குன்றும். அதனால் உயிரொலிகள் கேட்கும், மெய்யொலிகள் மங்கிவிடும். பேச்சு காதில் விழும், சொல் விளங்காது.

“நீங்கள் வீட்டில் கத்திப் பேசுவீர்களா?” என்று அவர் கேட்டார். ஆம் என்றேன். “கத்தினால் இவருக்குக் காது வலிக்குமே தவிரச் சொல் தெளிவாகாது. முகம் தெரியும்படி அருகில் அமருங்கள். நிதானமாகவும் தெளிவாகவும் பேசுங்கள்; அது போதும்” என்றார்.

நான் திகைத்துப் போனேன். அருகில் வருதல், நிதானம், சொல் தெளிவு ஆகிய மூன்றும் ராஜாவும் ஸ்ரீனிவாஸும் ஒலிவாங்கியின் முன் செய்தவையல்லவா? நைனா ஏன் ஒலியைக் குறைத்துப் பெட்டியோடு காதைச் சேர்த்துவைத்தார் என்பது அன்றுதான் புரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அவரிடம் தெளிவாகப் பேசியவர்கள் அவ்விருவர் மட்டுமே. நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம்.

பேருந்தில் வரும்போது வேறொன்றும் உறைத்தது. தெருவுக்கே கேட்கும்படி எவராலும் மன்னிப்புக் கேட்க முடியாது. அன்பைச் சொல்லவும் முடியாது. எங்கள் வீட்டில் எல்லாமே உரக்கச் சொல்லப்பட்டதால், சொல்லாமல் விடப்பட்டவை ஏராளம். என்னிடமும் ஒன்று இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, மதிய உணவு கொண்டுவந்த நைனாவிடம், உடம்பில் தோல் வாடை வீசுகிறது, இனிப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதன்பின் அவர் வரவே இல்லை.

அன்று இரவு திண்ணையில் அவர் அருகே அமர்ந்தேன். முகம் தெரியும்படி விளக்கைத் தள்ளிவைத்தேன். குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லாக அந்த நாளைப் பற்றிச் சொன்னேன். தவறு என்னுடையது என்றேன். நைனா என் வாயசைவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்ததும், இயந்திரத்தில் காய்த்துப்போன கையை என் தோள்மீது வைத்தார்.

“இப்போ நல்லாக் கேக்குதுடா” என்றார்.