கறியும் கருணையும்

மணமேல்குடிக்காரர்களுக்கு மீன் வாங்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். கடற்கரையிலே பிறந்து வளர்ந்தவர்களாயிற்றே! மீன்கூடையை இறக்கியதும் நம் ஊர்ப் பெண்மணிகள் விலையைக் கேட்பதில்லை. செவுளைத் தூக்கிச் சிவப்பாயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண் பளபளக்கிறதா என்று நோக்குவார்கள். விரலால் அழுத்திப் பள்ளம் விழுந்துவிட்டால், "இது நேத்து மீனு, ஆத்தா! கூடையைத் தூக்கு!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்புக்கு ஹைகோர்ட்டிலும் அப்பீல் கிடையாது.

அப்பேர்ப்பட்ட சூரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போனால் மட்டும் பரமசாதுக்களாகி விடுகிறார்கள். ஆடு எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, நோயில்லாத ஆடுதானா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. "கொஞ்சம் எலும்பாகப் போடுங்கள், அண்ணே!" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டபடி மோட்டார் சைக்கிள்கள் விரைவதையும், ஆடுகளை மூட்டைபோல் அடைத்த வண்டிகள் வெயிலில் போவதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பார்த்துப் பார்த்துக் கண் மரத்துவிட்டது.

வகுப்பில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தது. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார்! ஆட்டை எப்படியும் அறுக்கத்தானே போகிறார்கள்? அதற்கு எதற்குத் தண்ணீர்?" என்றான். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். நமக்குக் கோபம் வரவில்லை. பெரியவர்கள் மனத்துக்குள் வைத்திருப்பதைத்தான் அவன் வாய்விட்டுச் சொன்னான். ஜீவகாருண்யப் பிரசங்கம் செய்யாமல், ரசாயன சாஸ்திரத்தைக் கொண்டே அவனுக்குப் பதில் சொன்னோம்.

பிராணியின் தசையிலே கிளைகோஜன் என்ற ஒருவகைச் சர்க்கரைச் சத்து சேர்ந்திருக்கிறது. உயிர் போன பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறுகிறது. அந்தப் புளிப்புத்தான் மாமிசத்தில் கிருமிகள் விரைவில் பெருகாதபடி காக்கிறது. நெடுந்தூரம் பட்டினியும் தாகமுமாய் வந்து, நெரிசலில் மிதிபட்டு, பயத்தால் நடுங்கிய பிராணியின் உடலில் அந்தச் சத்து முன்பே செலவழிந்து போகிறது. ஆகவே புளிப்பு ஏறுவதில்லை. கறி கறுத்து, இறுகி, சீக்கிரமே கெட்டுப் போகிறது. அதுமட்டுமல்ல. நெரிசலில் ஒன்றின் கழிவு மற்றொன்றின் மேல் படிந்து, ஸால்மொனெல்லா முதலிய கிருமிகளும் பரவுகின்றன. ஆட்டுக்கு மறுத்த ஒரு வாளித் தண்ணீரின் கணக்கு கடைசியில் நம் வீட்டுக் குழந்தையின் வயிற்றில் வந்து தீர்கிறது!

கோழிக்கும் இதே நியாயந்தான். இடமில்லாத கூட்டில் நெருக்கி வளர்ப்பது. நோய் வராதிருக்கவும் சீக்கிரம் கொழுக்கவும் மருந்தைத் தீனியோடு கலப்பது. வேறு மருந்து பலிக்காதபோது மனிதர் உயிரைக் காக்கக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தையே இப்படி வாரியிறைத்தார்கள். உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாதென்று இந்திய சர்க்கார் 2019-ல் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ராஜ்ய சபையில் வாயில்லா ஜீவன்களுக்காக மசோதா கொண்டுவந்தவர் நம் தமிழ்நாட்டு ஸ்ரீமதி ருக்மிணி தேவி. அதன் பயனாக 1960-ல் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 1962-ல் அமைந்த பிராணி நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆனால் 1982-ஆம் வருஷத்துத் திருத்தம் முதற் குற்றத்துக்கு விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல்! அந்த ஐம்பது ரூபாய்க்கு இன்று அரைக் கிலோ கோழிக்கறி கூடக் கிடைக்காது.

2001-ஆம் வருஷத்து விதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பிராணியின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கக் கூடாது. சினையாயிருப்பதை அறுக்கக் கூடாது. மிருக வைத்தியர் மணிக்குப் பன்னிரண்டு, நாளுக்குத் தொண்ணூற்றாறு பிராணிகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் நாளைக்குப் பத்து அல்லது அதற்கு மேல் அறுக்கும் இடங்களையே இவை கணக்கில் கொள்கின்றன. வாரத்துக்கு நாலு ஆடு அறுக்கும் சிற்றூர்க் கடை எப்படி இதற்குள் வரும்?

கடைக்காரரை மட்டும் குறை கூறுவதில் பயனில்லை. ஓடும் தண்ணீரும், மூடிய சாக்கடையும், வைத்தியரின் சோதனையும் உள்ள பொது அறுப்புக்கூடத்தை ஊர்தான் ஏற்படுத்தித் தரவேண்டும். கிராம சபையில் தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் குரல் கொடுப்பவர்கள் இதற்கும் கொடுக்கலாமே! மாமிசம் தொடாத அன்பர்களும் இதில் சேரலாம். சாக்கடையும் ஈயும் ஜாதி பார்ப்பதில்லை.

வீட்டிலே செய்ய வேண்டியதும் உண்டு. பச்சைக் கோழிக்கறியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவினால் கிருமிதான் நாலு பக்கமும் தெறிக்கும். கறி வெட்டிய கத்தியை அலம்பாமல் வெங்காயம் நறுக்கக் கூடாது. எலும்பை ஒட்டிய சதை வரையில் நன்றாக வேகவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேளுங்கள். "ஆடு எப்போது வந்தது? தண்ணீர் வைத்தீர்களா? டாக்டர் பார்த்தாரா?" என்று பத்துப் பேர் பத்து ஞாயிற்றுக்கிழமை கேட்டால், பதினோராவது ஞாயிறு கடைக்காரர் தாமாகவே தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பார்.