பேனாவை மூடத் தெரிய வேண்டும்

'நார்சிஸ்ட்' என்று இப்போது டி.ஐ.ஆர். என்கிற குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கையிலேயே எழுதுகிறார்கள். ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து தேறினால்தான் மனநல மருத்துவர்கள் அந்தப் பெயரைக் கொடுப்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒரு ரீல்ஸ் போதும். கடலூர் கோர்ட்டிலோ சிதம்பரம் கோர்ட்டிலோ எதிர்த்தரப்பு வக்கீல் "டாக்டர் சர்டிபிகேட் எங்கே?" என்றால் மனு ஆட்டம் கண்டுவிடும். கணவன் என்றைக்கு அடித்தார், எதால் அடித்தார், மனைவியின் ஏ.டி.எம். கார்டு யாரிடம்? குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18, 19, 20 பிரிவுகளில் உத்தரவு வாங்க அதுதான் வேண்டும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சொன்னதாக 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் இருக்கிறது. அத்தனை கணவன்மாருக்குமா வியாதி?

அந்த 'நார்சிஸ்ட்' சுபாவமே இல்லை என்று சொல்லவில்லை. கவுன்சலிங்கில் என்னைத் திணறடித்தவர்கள் குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் அல்ல. சலவைச் சட்டையில் வந்து, "அம்மா, நீங்க எனக்குத் தாய் மாதிரி" என்று ஆரம்பிக்கிறவர்கள். "ஊரே மதிக்குது, இவ ஒருத்திதான் மதிக்க மாட்டேங்குறா" என்று அழுவார்கள். கண்ணீர் நிஜம்தான், ஆனால் தனக்காக அழுவது. அடித்ததைக் கேட்டால் அவமானப்பட்ட கதை வரும். காட்டுமன்னார்கோவிலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மனைவியோ தூக்கமில்லாமல் முன்னுக்குப் பின் பேசுவாள். அரை மணியில் அவள்தான் குற்றவாளி.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகளில் 14-ஆவது விதி இந்த ஆளை நேரில் பார்த்தே எழுதியிருக்க வேண்டும். அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்மனுதாரருக்குக் கவுன்சலிங்கில் இடமில்லை. அதை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். "'ஏன்னா'ன்னு அவர் வாயெடுத்தா பேனாவ மூடிடும்மா" என்பார் என் சீனியர். மூடினால் கண்ணீர் நிற்கும். குரல் மாறும். வீட்டில் அவள் கேட்கும் குரல் எது என்று அப்போதுதான் நமக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷம் அசையாமல் உட்காரப் பழக எனக்குப் பல வருஷம் ஆனது.

இன்று இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். தனித்தனியாகக் கேட்பதற்கு நேரமில்லையாம். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று இருபது நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறார்கள். இனி வன்முறை செய்ய மாட்டேன் என்று உறுதி எழுதித் தர வேண்டியவர் எதிர்மனுதாரர். எதிர்த்துப் பேச மாட்டேன் என்று அவளிடம் எழுதி வாங்கிய தாளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், 20,000 ரூபாய் வரை அபராதம். சமாதானத் தாளை மீறினால் என்ன செய்வீர்கள்?

14-ஆவது விதியைப் படித்தீர்களா என்றால், "வாட்ஸ்அப்ல அனுப்புங்க மேடம்" என்கிறார்கள்.