தையல் பிரித்த பின்

மனிதனுக்கு அசட்டுத் துணிச்சல் பிறக்கும் தினங்கள் சில உண்டு. காலில் போட்ட தையலைப் பிரித்து எடுக்கும் தினம் அவற்றுள் தலையாயது என்பதை நாம் அநுபவத்தில் கண்டுகொண்டோம்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் காலை, அம்மா மண்டபத்துப் படித்துறைக்குக் கீழே மணலில் நடந்துகொண்டிருந்தோம். காவிரித் தாய் அப்போது மணலுக்குள் ஒளிந்திருந்தாள். அவளுக்குப் பதிலாக, யாரோ ஒரு புண்ணியவான் உடைத்தெறிந்த சீசாத் துண்டு நம்மை வரவேற்றது. வலது உள்ளங்கால் கிழிந்தது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி, தநுர்வாதத்துக்கு ஊசி குத்தி, ஏழு தையல் போட்டார்கள். முகத்துக் காயமானால் ஐந்தாறு நாளில் தையலைப் பிரித்துவிடுவார்களாம். உள்ளங்கால் உடம்பின் பாரத்தையெல்லாம் சுமப்பதாயிற்றே! ஆகையால் பதினான்காம் நாள்தான் பிரித்தார்கள்.

பிரித்த டாக்டரம்மாள் காயத்தின் குறுக்கே மெல்லிய ஒட்டுப் பட்டிகளை ஒட்டிவிட்டு, பல எச்சரிக்கைகள் சொன்னாள். "இரண்டு நாள் ஈரம் படக்கூடாது. பிறகு சோப்பும் சுத்தமான நீரும் விட்டு மெதுவாய்க் கழுவி, ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பட்டிகளைப் பிய்க்காதீர்கள், தாமாக உதிரட்டும். ஆற்றிலோ குளத்திலோ காலை ஊறவிடாதீர்கள். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. ஸார், உங்களுக்குச் சர்க்கரை உண்டல்லவா? இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும்."

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தோம்.

தையல் என்ற சொல்லுக்குத் தமிழில் பெண் என்றும் பொருள் உண்டு. ஒரு தையல் நம் காலை விட்டு நீங்கிய அன்றே, இன்னொரு தையலின் காவல் ஆரம்பமாயிற்று. நமது சகதர்மிணி வாசற்படியில் நின்றுகொண்டு, "தையலைப் பிரித்துவிட்டால் ஆயிற்றா? புண் பிரியாமல் இருக்க வேண்டாமா?" என்றாள். அண்டை வீட்டாரின் வைத்தியமும் தொடங்கியது. ஒருவர் காப்பிப் பொடியை அப்பச் சொன்னார். ஒருவர் மஞ்சளை இழைத்துக் கொணர்ந்தார். மூன்றாமவர் தயிரும் கத்தரிக்காயும் விஷம் என்று தீர்ப்புக் கூறினார். இவற்றில் ஒன்றும் புண்ணில் படாமலும், பருப்பும் தயிரும் பாலும் நம் இலையை விட்டு நீங்காமலும் அவள் பார்த்துக்கொண்டாள். புதுத் தோல் கட்டுவதற்குச் சத்துள்ள ஆகாரம் அல்லவா வேண்டும்?

இவ்வளவும் மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் சித்திரைத் தேர்!

ஸ்ரீரங்கத்தில் வசித்துக்கொண்டு, நான்கு சித்திரை வீதிகளிலும் நம்பெருமாள் தேரில் எழுந்தருளும்போது திண்ணையில் காலை நீட்டிக்கொண்டிருப்பதா? நமக்குத் தேசபக்திகூடப் பொங்கிற்று. 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, இதே திருச்சியில், ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் தி. சே. சௌ. ராஜன் வீட்டிலிருந்துதானே ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்தார்கள்? அவர்கள் 150 மைல் நடந்த ஊரில் நாம் நான்கு வீதி நடக்க மாட்டோமா? வீட்டில் யாரும் கவனியாத சமயம் பார்த்து, செருப்பைத் திண்ணையடியில் விட்டு, வெறுங்காலோடு கூட்டத்தில் கலந்தோம். வடத்தையும் தொட்டோம். தார் ரோடு கொதித்தது. ஆனால் காலில் வலியென்பதே தெரியவில்லை. "பார்த்தாயா, புண் ஆறிவிட்டது!" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

வீடு திரும்பியதும் பேரன் கேட்டான்: "தாத்தா, ரேழி முழுக்கக் குங்குமம் கொட்டியிருக்கே, ஏன்?"

குனிந்து பார்த்தோம். குங்குமம் அல்ல.

மறுநாள் டாக்டரம்மாள் நம்மைக் கோபிக்கவில்லை; கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு நூலை எடுத்து நம் உள்ளங்காலில் லேசாகத் தொட்டு, "தெரிகிறதா?" என்றாள். சில இடங்களில் தெரியவில்லை. அப்போதுதான் நமக்கு உண்மையில் பயம் பிறந்தது.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்ற அறுவை வைத்தியர், குஷ்டரோகிகளின் கால்களை ஆராய்ந்து ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். விரல்களும் பாதங்களும் அந்த நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் அந்த மனிதர்கள் புண்ணின் மேலேயே நடந்து நடந்து அவற்றை இழக்கிறார்கள். பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தம் படாமல் காத்தபோது அதே புண்கள் ஆறின! சர்க்கரை வியாதியும் நாளடைவில் காலின் உணர்ச்சி நரம்புகளை இப்படியே மழுக்கிவிடுகிறது. நாம் சாபமென்று நினைக்கும் வலி, உண்மையில் வாசற் காவற்காரன். நம் வீட்டுக் காவற்காரன் தூங்க ஆரம்பித்திருந்தான்.

"திரும்பத் தைக்க முடியாது ஸார். இனி அது அடியிலிருந்து சதை வளர்ந்து, தானே மூட வேண்டும்" என்றாள் டாக்டரம்மாள். பிறகு ஒரு கணக்கும் சொன்னாள். நன்றாக ஆறிவரும் காயத்துக்குக்கூட மூன்றாவது வாரத்தில் பழைய தோலின் வலிமையில் 100-க்கு 20 பங்குதான் இருக்குமாம். மூன்று மாதத்தில் 80 பங்கு வரலாம். முழு 100 ஒருபோதும் வராது. தையலைப் பிரிப்பது புண் ஆறியதற்கு அத்தாட்சி அல்ல. இனிக் காவல் நம்முடையது என்று சாவியை நம் கையில் கொடுப்பதுதான்.

அதன் பின் ஆறு வாரம் நாம் திண்ணை விரதம் இருந்தோம். தினமும் காலையில் சகதர்மிணி ஒரு கண்ணாடியைப் பாதத்தின் கீழ் பிடிப்பாள். சுற்றிலும் சிவப்புப் பரவுகிறதா, சூடு உண்டா, வீக்கம், சீழ், துர்நாற்றம் உண்டா, ஜுரம் காய்கிறதா என்று பார்ப்போம். இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே டாக்டரிடம் போவதென்று ஏற்பாடு. தெய்வாதீனமாக ஒன்றும் காணவில்லை. அந்த நாட்களில் வேதாரண்ய யாத்திரையை மறுபடியும் நினைத்துப் பார்த்தோம். ஏப்ரல் 13-ல் புறப்பட்டவர்கள் 28-ல் போய்ச் சேர்ந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் பத்து மைல். தைரியசாலிகளும் அளவாகத்தான் நடந்தார்கள். அளவை மறந்தது நாம்தான்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. செருப்போடு அம்மா மண்டபம் வரை சென்று, கடைசிப் படியில் உட்கார்ந்தோம். காவிரித் தாய் பெருகி ஓடிக்கொண்டிருந்தாள். மூடிய தழும்பைப் பேரன் ஒரு முறை குனிந்து பரிசோதித்து, "சரி தாத்தா, விடலாம்" என்று அநுமதி வழங்கினான். காலை ஜலத்தில் வைத்தோம். குளிர்ச்சி சில இடங்களில் தெரிந்தது. சில இடங்களில் தெரியவில்லை. தெரியாத இடங்களுக்காக, செருப்பைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொண்டோம்.