ரங்கூன் போன பையன்

இப்போதெல்லாம் எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகளை ஷாங்காய்க்கும் ஷென்ஜெனுக்கும் பத்து நாள் அழைத்துப் போகிறார்கள். ஏதோ ஒரு கம்பெனிக்கு ஆலோசனை சொல்கிற புராஜெக்டாம். வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடைகூட நடத்தாத பையன், சீனாக்காரனுக்கு வியாபாரம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்புவான். "மச்சி, அங்கே ரோடெல்லாம் கண்ணாடிடா!" என்பான். முப்பது ஸ்லைடு காட்டுவான். பணம் கட்டிய ரசீதை மட்டும் அவன் அப்பா பீரோவில் வைத்து அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

இது ஒன்றும் புது ஐடியா இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே செட்டிநாட்டில் நடந்ததுதான். இரண்டே வித்தியாசம். அது பத்து நாள் டூர் இல்லை, மூன்று வருஷம். அப்புறம், பையன் ஃபீஸ் கட்டவில்லை. பையனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பி.காம். முடித்து, முதல் வேலையில் மூன்று மாசம் ஜெராக்ஸ் மட்டுமே எடுத்த எனக்கு அந்த இரண்டாவது விஷயத்தில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. பார்த்துவிடுவோம் என்று காரைக்குடிக்குப் பல்லவனில் டிக்கெட் போட்டேன்.

காரைக்குடியில் முதலில் கண்ணில் படுவது வீடு. இரண்டாவதாகக் கண்ணில் படுவது பூட்டு.

ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். நடுவே முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகிறது. "செல்போன் வந்த பெறகுதான் சார் இந்த ஊர்ல புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறாங்க" என்றார் ஆட்டோக்காரர். ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு எதிரில் நின்று ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதில் ஒரு மாடு குறுக்கே வந்தது. கணக்கு போச்சு. நீங்கள் போனால் எண்ணாதீர்கள். ஆயிரம் என்று சொன்னால் ஒப்புக்கொண்டு வந்துவிடுவதே மரியாதை.

சில வீடுகளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். தூணெல்லாம் பர்மா தேக்கு. தரையில் இத்தாலி மார்பிள், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி, சில இடங்களில் ஜப்பான் டைல்ஸ். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்து மெழுகிய சுவர், தொட்டால் பட்டுப்புடவை மாதிரி வழுக்குகிறது. பையன் வெளியூரில் என்ன பார்த்தான் என்பதற்கு இங்கே ஸ்லைடு இல்லை. வீடாகவே கட்டி நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருங்க தம்பி?"

"சென்னைங்கய்யா."

"என்ன செய்றீக?"

"பத்திரிகைக்கு எழுதுறேன்."

"அது சரி. வேலை?"

இந்தக் கேள்வியைத் தாண்டி உட்கார இடம் கிடைத்ததே பெரிசு. அவருடைய அப்பச்சி (செட்டிநாட்டில் அப்பாவை அப்படித்தான் சொல்கிறார்கள்) பதிமூன்று வயசில் ரங்கூன் போனவர். பதவியின் பெயர், பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். கூட்டுவது, பெருக்குவது, சொன்ன இடத்துக்கு ஓடுவது, பேரேட்டைப் பார்த்து எழுதுவது. இது முதல் படி. அடுத்த படி அடுத்தாள். அதற்கும் மேலே ஏறினால் மேலாள். முதலாளி ஊரில் இருக்க, கடை முழுவதும் இவர் பொறுப்பு.

போகிறதுக்கு முன்னாலேயே ஊரில் கணக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. வட்டியை முந்திரி சுத்தமாக மனசிலேயே போட்டுவிடுவான். இங்கே நமக்கு ஹோட்டல் பில்லை மூன்றாகப் பிரிக்கவே செல்போன் வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நான்கு நாள். ஆற்றுக்குள் கப்பல் நுழைந்ததும் தூரத்தில் ஷ்வேடகோன் பகோடாவின் தங்கம் மினுங்கும். வாயைப் பிளந்துகொண்டு கரையில் இறங்கினால், மூட்டை தூக்குகிறவர் தெலுங்கு பேசுவார். 1931 சென்ஸஸ்படி ரங்கூன் ஜனத்தொகை ஏறக்குறைய நான்கு லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள்! செட்டியார் கடைகளெல்லாம் மொகல் தெருவில். சுற்றிலும் தமிழ். சாப்பாடு, கோயில், கார்த்திகை, பூசம் எல்லாம் நம்ம ஊர் மாதிரியே.

சிங்கப்பூர் போன பையனுக்கும் இதே கதைதான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி என்று நீளமான கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய் விரிக்கிற இடம், ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேஜை. பகலில் அதுதான் பாங்க், ராத்திரி அதுதான் படுக்கை. கடன் கேட்டு வந்தவர்களில் சீன வியாபாரிகளும் உண்டு. இவருக்குச் சீனம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இருவரும் பேசியது கடைத்தெரு மலாயில். சீனாவை மேப்பில்கூடப் பார்த்திராத பையன், எந்தச் சீன வியாபாரியை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்று பெட்டியடியில் உட்கார்ந்தே படித்துக்கொண்டான்.

வட்டி விகிதம்? எல்லாரும் கோயிலில் கூடி முடிவு செய்வார்கள். ரிசர்வ் பாங்க் பிறந்ததே 1935-ல். அதற்கு முன்பே இவர்கள் முருகன் சாட்சியாக மானிட்டரி பாலிசி நடத்திக்கொண்டிருந்தார்கள்!

* * *

1929-30-ல் பர்மாவில் ஒரு பாங்க் விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அதன் கணக்கில் செட்டியார் கடைகள் சுமார் 1,650. போட்டிருந்த பணம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய், அந்தக் காலத்து ரூபாய். ஐராவதி டெல்டா முழுவதும் நெல் விளைந்ததில் இந்தக் கடனுக்குப் பெரிய பங்கு. அடமானம், நிலம்.

1930-ல் உலகமெங்கும் மந்தம். அரிசி விலை படுத்தது. விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1937-ல் அதுவே நாலில் ஒரு பங்கு. பேரேட்டில் பார்த்தால் கடனுக்கு ஈடாக வந்த சொத்து. வயலில் நின்று பார்த்தால், பாட்டன் காலத்து நிலத்தை எடுத்துக்கொண்ட வெளிநாட்டுக்காரர். கமர்ஸ் படித்தவன் என்ற முறையில் முதல் வரி எனக்கு நன்றாகப் புரிகிறது. நிலம் போனவன் இடத்தில் நின்றால் இரண்டாவது வரிதான் புரியும்.

1942-ல் ஜப்பான்காரன் வந்தான். பெரியவரின் அப்பச்சி அசாம் வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம். 1963-ல் பாங்குகளும் நாட்டுடைமை. கணக்கு முடிந்தது.

முன்கூட்டியே வேறு பக்கமும் கால் ஊன்றியவர்கள் தப்பித்தார்கள். 1900-ல் மௌல்மீனில் லேவாதேவி ஆரம்பித்த ஏ.எம். முருகப்பச் செட்டியார் குடும்பம், யுத்தத்துக்கு முன்பே பணத்தை இந்தியாவுக்குத் திருப்பி, தொழிற்சாலை பக்கம் போனது. 1937 பிப்ரவரி 10-ம் தேதி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை ஒரே நாளில் மூன்று ஊரில் திறந்தார்: சென்னை, ரங்கூன், காரைக்குடி. மூன்றாவது பெயரைக் கவனியுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையே இந்த ஊருக்குக் கொண்டுவந்தார், 1953-ல் திறந்தார்கள்.

இப்படித் திருப்பிக்கொள்ள முடியாதவர்கள் வீட்டை விற்றார்கள், அல்லது பூட்டினார்கள். ஒரே வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள். ஓட்டை மாற்ற எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் ஏறின. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பாருங்கள். தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பர்மா அரக்குப் பெட்டி, சீனத்து ஜாடி எல்லாம் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருக்கின்றன. யாரோ ஒருவரின் பாட்டனார் கப்பலில் ஏற்றியதை நாம் பேரம் பேசிப் பஸ்ஸில் ஏற்றலாம்.

பெரியவரிடம் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "பர்மாக்காரங்களைப் பத்தி அப்பச்சி என்ன சொல்வாங்க?"

ரொம்ப நேரம் யோசித்தார்.

"நிலம் எத்தனை ஏக்கர், எந்தக் கண்மாய்ப் பாசனம், யாரு தவணை தவற மாட்டாக, அதெல்லாம் பேர் பேராச் சொல்வாக. ஆனா பதினஞ்சு வருஷத்துல ஒரு பர்மாக்காரர் வீட்டுக்குள்ள உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லைன்னாக. கடைசிக் காலத்துல அதை மட்டும் ரெண்டு மூணு தரம் சொன்னாக."

அன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. முதலில் இனிப்பாகக் கவுனி அரிசி வந்தது. கறுப்பாக, ஒட்டிக்கொண்டு, தேங்காய்ப்பூ தூவி. "இதுவும் பர்மாவுல இருந்து வந்ததுதான்" என்றார் ஆச்சி, இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆச்சியிடம் அது எடுபடவில்லை.

ஷாங்காய் புறப்படுகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடிக் கட்டடத்தை போட்டோ எடுங்கள், ஸ்லைடும் போடுங்கள். ஆனால் சாயங்காலம் இந்தியன் ரெஸ்டாரண்டைத் தேடிப் போகாமல், யாராவது ஒரு சீனாக்காரர் வீட்டில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எலும்பு, மீன் தலை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. வயிற்றுக்கு மாத்திரையை அம்மா பெட்டியில் வைத்திருப்பாள்.