விளக்குக் கம்பமும் சிங்கமும்

சி. எஸ். லூயிஸின் நார்னியா நாவல்கள் ஏழையும் (1950–56) நான் படித்தது தேர்வாய் கண்டிகையில், சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த அறையில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. உடன் வேலை பார்க்கும் நாகர்கோவில் நண்பர் தம் மகளுக்கு வாங்கியவற்றை ஒவ்வொன்றாக இரவல் தந்தார். சிறுவர் புத்தகம்தானே என்ற அலட்சியத்துடன்தான் ஆரம்பித்தேன்.

முதல் நாவலில், பனி பெய்யும் காட்டுக்கு நடுவே ஒற்றை விளக்குக் கம்பம் எரிந்துகொண்டிருக்கிறது. குடையும் பொட்டலங்களுமாக ஆட்டுக்கால் மனிதன் ஒருவன் வருகிறான். பதினாறாவது வயதிலிருந்து தன் மனசில் கிடந்த படிமம் இது என்று லூயிஸே எழுதியிருக்கிறார். கொள்கையிலிருந்து அல்ல, படிமத்திலிருந்து கிளம்பிய எழுத்து என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

அந்தக் கம்பம் அங்கே வந்த கதை, ஆறாவதாக வெளிவந்த ‘மந்திரவாதியின் மருமக’னில் (1955) இருக்கிறது. நார்னியா அப்போதுதான் படைக்கப்படுகிறது. சூனியக்காரி வீசிய இரும்புத் துண்டு புதுமண்ணில் முளைத்து விளக்குக் கம்பமாகிறது. உடன் வந்த மந்திரவாதி மாமாவுக்கு உடனே வியாபார யோசனை: பழைய இரும்பைக் கொண்டுவந்து புதைத்தால் ரயில் எஞ்சினும் போர்க்கப்பலும் முளைக்குமே! லூயிஸ் அவரை நன்றாகக் கேலி செய்கிறார். எனக்கு அந்த மாமாவைத் தெரியும். மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் விட மாட்டோம் என்று இந்த ஊர்க்காரர்கள் போராடியது பத்திரிகைகளில் வந்த விஷயம். இப்போது அங்கே வரிசையாக விளக்குக் கம்பங்கள் முளைத்திருக்கின்றன. ஆனால் என் சோறும் அந்த இரும்பில்தான் விளைகிறது. கேலியில் முழுமனசாகச் சேர முடியவில்லை.

முதல் நாவலிலேயே என்னை உலுக்கிய இடம் வேறு. துரோகம் செய்த பையனுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் தன்னைக் கொடுக்கிறது. பிடரியை மழித்து, கட்டி, கல்மேஜையில் வைத்துக் கொல்கிறார்கள். விடியும் நேரம் சுண்டெலிகள் வந்து, செத்த உடம்பின் கட்டுகளைக் கொறிக்கின்றன. இனிப் பிரயோஜனமில்லை என்று அவற்றுக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

நண்பரிடம் சொன்னபோது சிரித்தார். “சிலுவைப்பாடுதான் அது. உங்களுக்கு மொதல்லயே தெரியலியா அண்ணே?”

தெரியவில்லை. தெரிந்ததும் ஏமாற்றப்பட்டதாகத்தான் பட்டது. நான் கிறிஸ்தவன் அல்லன். காவலுக்கு நிற்கும் தயக்கங்களைக் கதை ஏமாற்றிக் கடந்துவிட முடியும் என்பது லூயிஸின் கட்சி. அந்தக் காவலில் நின்று தூங்கிப்போனவன் நான். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பன்யனின் கதையை ‘இரட்சணிய யாத்திரிக’மாக (1894) எழுதினார். கம்பனில் ஊறிய தமிழ். ஆனால் யாரைப் பாடுகிறோம் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இருந்தும், யாத்திரிகத்தில் எந்த இடமும் அந்தச் சுண்டெலிகளைப் போல் என்னைத் தொட்டதில்லை. இதையும் சொல்லியாக வேண்டும்.

ஏழாவது நாவலான ‘கடைசிப் போர்’ (1956) தான் சங்கடம். எதிரி நாட்டுக்காரர்களான கலோர்மன்கள் கறுத்த முகமும் தலைப்பாகையும் வளைந்த வாளுமாக வருகிறார்கள். அவர்கள் தெய்வம் தாஷ் பிணந்தின்னிப் பறவைத் தலையுள்ள கோரம். படிக்கும்போது நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதில் சந்தேகமில்லை. அவர்களில் எமெத் என்றொரு நல்ல இளைஞன். வாழ்நாள் முழுக்கத் தாஷைத் தேடியவன் அவன். நீ உண்மையாகச் செய்த சேவையெல்லாம் எனக்கே செய்தது என்று அவனை அஸ்லான் ஏற்றுக்கொள்கிறது. பெருந்தன்மைதான். தன் தெய்வத்தின் பேரால் செய்ததை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்ததற்கு எமெத் சந்தோஷப்படுகிறான். நான் அவனிடத்தில் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேனா?

சூசன் விஷயத்தில் அந்தப் பெருந்தன்மைகூட இல்லை. ரயில் விபத்தில் அண்ணன், தம்பி, தங்கை, தாய், தகப்பன் எல்லோரும் இறந்து அஸ்லானின் நாட்டுக்குப் போய்ச் சேருகிறார்கள். அவள் மட்டும் உயிரோடு தனியாக. லிப்ஸ்டிக், நைலான் உறை, விருந்து அழைப்பு இவற்றைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லாதவளாகிவிட்டாள் என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஐந்து சாவுக்கு அவள் அழுதாளா என்பதற்கு ஒரு வரி கிடையாது. முதல் நாவலில், செத்த சிங்கத்துக்குப் பக்கத்தில் இரவெல்லாம் அழுத இரண்டு பெண்களில் அவள் ஒருத்தி.

இங்கே கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலை நிற்கும் பெண்களில் சிலர், விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில், கைக்கண்ணாடி பார்த்து லிப்ஸ்டிக் போட்டுக்கொள்வார்கள். ஊரில் தம்பியின் படிப்பு அவர்கள் சம்பளத்தில் நடக்கும்.

நண்பரின் மகள் ஆறு புத்தகங்களைப் படித்து முடித்துவிட்டாளாம். ஏழாவது இன்னும் என் அறையில் இருக்கிறது. போன வாரமும் கேட்டனுப்பினாள்.