முல்லைக்கு வழிவிட்ட ஊர்

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால், அம்பத்தூருக்கு அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். பெயரைச் சொல்லும்போதே முல்லை மணக்கிறது. இறங்கி நடந்தாலோ தெருவுக்குத் தெரு செங்கல்லும் ஜல்லியும் மணலும்தான் வரவேற்கின்றன. எங்கு பார்த்தாலும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன!

ஊரின் பெயருக்குக் காரணம் தெரிய வேண்டுமானால் மாசிலாமணீசுவரர் கோவிலுக்குப் போக வேண்டும். தொண்டைமான் என்ற அரசன் யானைமீது வந்தானாம். யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. அரசன் வாளை உருவிக் கொடியை வெட்டினான்; கீழே ரத்தம் பீறிட்டது. பதறிப்போய்ப் பார்த்தால், கொடிக்குள்ளே சிவலிங்கம்! அந்த இடத்திலேயே கோவில் எழுந்தது என்கிறது தல புராணம். வெட்டுக்காயம் ஆறுவதற்காக லிங்கத்துக்குச் சந்தனக் காப்பு. அதைக் களைவது ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையில் மட்டும். அம்பிகையின் பெயரோ கொடியிடை நாயகி. தல விருட்சமும் அதே முல்லைதான்.

முதலில் செடி, பிறகுதான் கட்டடம். இந்த ஊரின் கதையே அதுதான் அல்லவா?

கோவிலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தெருவில் அதே விவகாரம் நடந்துகொண்டிருந்தது. காலி மனை, நடுவில் நன்றாகக் கவிந்த ஒரு மாமரம். மனைக்காரத் தம்பதிகளும் மேஸ்திரியும் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள்.

"மரம் அங்கேயே இருக்கட்டும், மேஸ்திரி. ஹாலை நகர்த்திப் போடுங்கள்" என்றார் அந்த அம்மாள்.

"வேர் வந்து சுவரைப் பிளக்குமே, அம்மா!"

"அப்புறம் காரை எங்கே நிறுத்துவதாம்?" என்றார் கணவர்.

மூவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்கு விடை கண்டவர்களும் இருக்கிறார்கள். சண்டிகார் நகரை வடிவமைத்த லெ கார்புசியே, 1925-ல் பாரிஸ் கண்காட்சிக்காக ஒரு மாதிரி வீடு கட்டினார். அங்கே நின்ற மரத்தை அவர் வெட்டவில்லை. கூரையில் வட்டமாகத் துளை விட்டு, மரத்தை மேலே போகவிட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிலாந்தில் பிறந்து 1945-ல் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட லாரி பேக்கர், திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டினார். வழியில் மரம் குறுக்கிட்டால் அங்கே சுவர்தான் வளைந்து கொடுக்கும். பூசாத செங்கல், காற்று வரச் செங்கல்லிலேயே துளைகள், தேவைக்கு மேல் ஓர் அலங்காரம் கிடையாது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' முறையால் ஏறக்குறைய 25 சதவீதம் செங்கல் மிச்சமாகும். மரமே அலங்காரமாக நிற்கும்போது சுவருக்கு நகை எதற்கு?

சரி, மேஸ்திரியின் வேர்ப் பயத்துக்கு வருவோம். மரத்துக்கு நீரும் சத்தும் ஊட்டும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் 2, 3 அடிக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். சுவர் நெடுகப் பள்ளம் தோண்டினால் அவை அறுபடும். அதற்குப் பதிலாக, அங்கங்கே மட்டும் குழி தோண்டித் தூண் நிறுத்தி, தூண்கள்மேல் உத்தரம் ஓட்டிச் சுவர் எழுப்பலாம். வேர் அடியில் தன்பாட்டுக்குப் போகும். கூரையில் துளை விட்டால், மரம் பருக்கவும் காற்றில் ஆடவும் சுற்றிலும் தாராளமாக இடம் விட வேண்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு போடவே கூடாது. ஆலும் அரசும் மட்டும் விதிவிலக்கு. அவை சிறிய மனைக்கு ஆகா. சுவரைப் பிளந்தே தீரும்.

"புயலில் மரம் வீட்டின்மேல் விழுந்தால்?" என்று நீங்கள் கேட்கலாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை யார் மறப்பார்கள்? சாய்ந்தவற்றில் பல, சாலைக்கும் சாக்கடைக்குமாக வேர் வெட்டுண்டு சிமெண்டில் சிறைப்பட்டு நின்றவை. ஆகவே மரத்தைக் காப்பது என்றால் வேரைக் காப்பதுதான். பட்ட கிளைகளை ஐப்பசி மழைக்கு முன்பே கழித்துவிட வேண்டும். உளுத்துப்போன மரத்தை மட்டும் தயங்காமல் எடுத்துவிடலாம்.

சருகு பெருக்குவது யார் என்பது அடுத்த கேள்வி. பெருக்கத்தான் வேண்டும்! மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் வாயில் ஒரு வலை மாட்டினால் பாதித் தொல்லை தீரும். அதற்குக் கைம்மாறாக, மேற்குப் பக்கம் நிற்கும் ஒரு வேம்பு சித்திரை மாதத்து மாலை வெயிலைச் சுவரில் படாமல் தடுக்கிறது. இலைகள் விடும் ஈரம் காற்றைக் குளிர்விக்கிறது. இந்தச் சேவைக்கு மின்சாரக் கட்டணம் கிடையாது.

மாமரத்து மனையில் முடிவு என்ன ஆயிற்று? அந்த அம்மாள் பென்சிலை வாங்கி வரைபடத்தில் முதலில் ஒரு வட்டம் போட்டார், அதுதான் மரம். பிறகு வீட்டை 'ட' என்ற எழுத்துப் போல மடக்கி, உள்மூலையில் வட்டம் வரும்படி கோடு இழுத்தார். கார் பக்கவாட்டுக்குப் போயிற்று. கணவர் தலையைச் சொறிந்துகொண்டே, "ஒரு அறை சிறியதாகிறதே" என்றார்.

"மரத்தடிதான் பெரிய அறை" என்றார் அம்மாள்.

வீட்டுக்கு வாஸ்து பார்க்கிறோம், வர்ணம் பார்க்கிறோம். வரைபடம் போடுகிறவரிடம், "மனையிலுள்ள மரங்களை முதலில் குறியுங்கள்" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைப்போம். வீடு ஒரு வருஷத்தில் எழும்பிவிடும். அந்த மாமரத்துக்கு ஒரு தலைமுறை வேண்டும்.